மண்ணுக்குக் கட்டிய வலை

விடத்தல்தீவு
ஐப்பசி, ஞாயிறு

அன்பு மகள் அன்ரோனெற்,

அந்தக் குளிரும் வேலையும் உன் உடம்புக்கு ஒத்துப்போய், நேரத்துக்குச் சாப்பிட்டு நீ நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நாங்கள் உடம்பால் சுகம். இன்று விடிந்ததும் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுமுன் கழிக்கரைக்குப் போய்க் கண்டல் மரங்களைப் பார்த்துவிட்டு வந்தேன். சேற்றுக்கு மேலே விரல் விரலாக நிற்கும் மூச்சுவேர்களில் நுனி மட்டும்தான் தெரிகிறது, மிச்சத்தைக் கிரவல் மண் மூடிவிட்டது. இத்தனைக்கும் நேற்றுப் பெய்தது சின்ன மழை.

போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் இருப்பார், அதனால் எழுதுகிறேன். கழிக்கரையில் ஹோட்டல் கட்ட நிலம் நிரவிக் கொடுக்கும் கொந்தராத்தை அவர் எடுத்தது உனக்குத் தெரியும். மண் கொட்டுமுன் அது கழிக்குள் கரைந்து போகாமல் ஓரம் நெடுக அடி புதைத்த துணிவேலி போட வேண்டும், மழைவாய்க்காலை அடைக்கக் கூடாது என்று மன்னாரில் கரையோரக் கந்தோரில் சொல்லித்தான் விட்டார்கள். துணி கொழும்பிலிருந்து வரச் சுணங்கியது. அப்பாவும் அவருடைய கூட்டாளி யாகப்பரும் பழைய இறால் வலைகளை நாலாக மடித்து, கழியில் இறாலுக்குக் கம்பு நட்டுக் கட்டுவது போலவே கட்டிவிட்டார்கள். இறால் குஞ்சே பூராத வலைக்குள்ளால மண் போகுமோ ரீச்சர் என்று யாகப்பர் என்னைப் பகிடி பண்ணினார். நேற்று வலையைத் தாண்டிக் கழிப்பக்கம் வந்த தண்ணீரைப் போத்தலில் பிடித்துக் காட்டினேன், பால்தேத்தண்ணி மாதிரி இருந்தது. உம்மட படிப்பிப்பைப் பள்ளிக்கூடத்தோட வையும், மாரிக்கு முன்னம் முடிச்சுப்போடுவன் என்றார் அப்பா.

கண்டலுக்காக மட்டும் நான் பயப்படவில்லை பிள்ளை. மண் அள்ளும் பெக்கோ மெஷின் கடக்கவென்று வாய்க்காலையும் அடைத்துவிட்டார்கள். அதற்குப் பக்கத்துப் பள்ளத்தில்தான் உன் எடித் சின்னம்மாவின் வீடு, பின்வேலியோடு ஆளுயரத்துக்கு மண் குவிந்து கிடக்கிறது, உள்ளே அவளுடைய பச்சைக் குழந்தை பாயில் படுக்கிறது. பெருமழை வந்தால் தண்ணீருக்குப் போக வேறு வழியில்லை, அந்த மண்ணையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குள்தான் வரும். எங்களோடு வந்து இரு என்று கெஞ்சிப் பார்த்தேன். அத்தான் கொட்டின மண் என்ர வீட்டுக்குள்ள வருமோ, உனக்கென்ன விசரே அக்கா என்று சிரிக்கிறாள். ரேடியோவில் கடலில் தாழமுக்கம், பெருமழை வரும் என்கிறார்கள். இதை எழுதும்போதும் கூரையில் ஏதும் தட்டினால் எழுந்துபோய் வானத்தைப் பார்க்கிறேன்.

அந்தோனியார் உனக்குத் துணையிருக்கட்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே, குளிசையை மறக்காதே. நாளை நான் பள்ளிக்கூடம் போகவில்லை. முதல் பஸ்ஸில் மன்னாருக்குப் போய், வேலையை நிறுத்தி வாய்க்காலைத் திறக்கச் சொல்லிக் கந்தோரில் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். யார் செய்தது என்று கேட்பார்கள், உன் அப்பாவின் பெயரை என் வாயால்தான் சொல்ல வேண்டும், சொல்லுவேன். இங்கே ஒருவருக்கும் இது தெரியாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவர் என்னோடு கதைப்பாரோ தெரியாது. நீ மட்டும் அவரோடு கதைக்காமல் விட்டுவிடாதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
கிறேஸ்