அனுமதியின்றி ஆறிய கால் விரல்

அனுப்புநர்:
கோ. லோகநாதன் (வயது 53),
டேங்கர் லாரி ஓட்டுநர்,
ஏ பிளாக், இரண்டாம் மாடி,
வாரியக் குடியிருப்பு, மூலக்கொத்தளம், சென்னை.

பெறுநர்:
மண்டல நல அலுவலர் அவர்கள்,
மண்டல அலுவலகம், வடசென்னை.

பொருள்: என் வலது கால் பெருவிரல் புண் ஆறிவிட்ட காரணத்துக்காகக் களப்பணியிலிருந்து நிறுத்தப்பட்ட நர்சிங் மாணவி செல்வி ஷெர்லினைத் திரும்ப அனுப்பிவைக்கக் கோரும் புகார் மனு.

பார்வை: எங்கள் சந்து முனையில் கட்டி, மறுநாளே அவிழ்த்த பேனர்.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த டாக்டர் ஐயா அவர்களுக்கு, இரண்டு காலிலும் நின்று வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எண் போட்டு எழுதினால்தான் ஆபீசில் படிப்பார்கள் என்று எதிர் பிளாக்கில் இருக்கும் என் தோஸ்து பீம்ராவ் சொன்னதால் எண் போட்டிருக்கிறேன். பிழை திருத்தியவர் என் மகள் மகிழினி. நான் 'கலீஜ்' என்று எழுதிய இடங்களில் அவள் 'அசுத்தம்' என்று மாற்றியிருக்கிறாள். ஐயா அவர்கள் அந்த இடங்களில் கலீஜ் என்றே படித்துக்கொள்ளவும்.

2. எனக்குச் சர்க்கரை உண்டு. மணலியிலிருந்து பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிறேன். இன்ஜின் சூடு கேபின் தரைக்கு ஏறும். காலில் ரப்பர் செருப்பு. சர்க்கரைக்காரன் கால் மரத்துப்போகும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு நாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது தீயும் வாசம் வந்தது. டேங்கர் ஓட்டுகிறவனுக்கு அந்த வாசம் வந்தால் குலை நடுங்கிவிடும். ஓரங்கட்டி, குதித்து இறங்கி, வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வண்டிக்கு ஒன்றுமில்லை. தீய்ந்தது நான்தான். பெருவிரலின் அடிப்பக்கம் அன்றைக்கு வந்த புண் அது.

3. இந்தச் சமயத்தில்தான் தங்கள் அலுவலகத்தில் முறைப்படி அனுமதி வாங்கிய ஒரு தனியார் நர்சிங் கல்லூரியார் எங்கள் குடியிருப்புக்கு வந்தார்கள். சர்க்கரை நோயாளிகளின் கால் பராமரிப்பு பற்றிய ஆராய்ச்சி என்றார்கள். எங்கள் பிளாக்குகள் இரண்டும் எதிரும் புதிருமாக நிற்கும். நடுவில் ஒரு சந்து, ஒரு அடிபம்பு. ஏலச்சீட்டு போலக் குலுக்கிப் போட்டு, பி பிளாக்குக்கு 'பராமரிப்பு' என்றும், ஏ பிளாக்குக்கு 'ஒப்பீடு' என்றும் எடுத்தார்கள். நாங்களும் கைதட்டினோம். வெளியாள் வந்து சீட்டு எடுத்தால் கைதட்டுவது எங்கள் வழக்கம்.

பி பிளாக்கில் மாணவிகள் வீட்டுக்கே போய்க் காலைக் கழுவி, துடைத்து, விரலிடுக்கைப் பார்த்து, புண் இருந்தால் கட்டுப் போட்டார்கள். சந்தில் படம் மாட்டி வைத்துப் பாடம் நடத்தினார்கள். ஏ பிளாக்கில் அளவு மட்டும் எடுத்தார்கள். எங்களுக்கு என்ன உண்டு என்று அவர்களுடைய வழிகாட்டிப் பேராசிரியை அம்மையாரைப் பணிவாகக் கேட்டேன்.

"உங்களுக்கு வழக்கமான கவனிப்பு" என்றார்.

"அப்படின்னா இன்னா மேடம்?"

"இப்போ உங்களுக்கு என்ன கிடைக்குதோ, அது."

"இப்போ ஒண்ணும் கெடிக்கலயே மேடம்."

"அதேதான்" என்றார்.

இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை. ஆராய்ச்சி முடிந்த பிறகு ஏ பிளாக்குக்கும் எல்லாம் சொல்லித் தரப்படும் என்றும் அம்மையார் வாக்குக் கொடுத்தார். அதுவரை காத்திருக்கச் சம்மதமா என்று என்னைக் கேட்டு ஒரு கையெழுத்து வாங்கினார்கள். விரலை யாரும் கேட்கவில்லை.

4. எங்கள் பிளாக்குக்கு அளவெடுக்க வந்தவர் மேற்படி செல்வி ஷெர்லின். எம்.எஸ்.சி. நர்சிங் படிக்கிறார். அப்பாவுக்குக் கன்னியாகுமரிப் பக்கம் பூர்வீகம், ராயபுரத்தில் பாத்திரக்கடை. இந்த ஆராய்ச்சியே அவருடைய படிப்புக்கான ஆராய்ச்சிதான். புண்ணின் மேல் கண்ணாடித்தாளை வைத்துச் சுற்றிக் கோடு இழுப்பார். நீளம், அகலம் எழுதுவார். நன்றி அங்கிள் என்று சொல்லிவிட்டுப் போவார். எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே பெரிய மயானம் இருப்பதால், சும்மா அளவெடுத்துக்கொண்டு போகிறவர்களைக் கண்டு நாங்கள் பயப்படுவதில்லை. என் மனைவி பச்சையம்மாதான் கேட்பாள்: "யம்மா, அளவு மட்டும் எத்துனு போறியே, சட்டை எப்போ தச்சுக் குடுப்ப?" அந்தப் பெண் சிரிக்கும். ஆனால் கண் என் விரலின் மேலேயே இருக்கும்.

5. ஆராய்ச்சியில் 'தகவல் கசிவு' கூடாது என்று பிறகு ஓர் உத்தரவு வந்தது. அதாவது, பி பிளாக்குக்குச் சொல்லும் பாடம் ஏ பிளாக் காதில் விழக்கூடாது. பாடம் நடக்கும்போது நாங்கள் ஜன்னலைச் சாத்தி, வராண்டாவில் நிற்காமல் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஆலை வாயுக் கசிவு என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடத் தெரியும். காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னது இதுதான் முதல் தடவை. மதித்து, சாத்தினோம்.

ஆனால் பீம்ராவ் பி பிளாக். அவன் சொந்த வீட்டில் ரகசியம் பேசினாலே சந்து முனையில் ஆட்டோ பிடிக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். பாடம் முடிந்ததும் நேராக வராண்டாவுக்கு வருவான். "டேய் லோகு! மாமு! சூடு தண்ணில அப்புடியே கால வுடாதடா! மொதல்ல பொண்டாட்டிய வுட்டுக் கைய வெச்சுப் பாக்க சொல்லு! உன் காலுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே!" இதைத் தடுக்க ஜன்னல் போதாது. அவன் வாய்க்கு நான் பொறுப்பல்ல என்பதை ஐயா அவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

6. பாடம் கசிந்தும் என் புண் கேட்கவில்லை. மருந்தும் கட்டும் இல்லாமல், வண்டியையும் விடமுடியாமல், அது வளர்ந்தது. வீட்டில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போகும்போது மூச்சை அடக்கிக்கொண்டு போனார்கள். நானும் எலி செத்திருக்கிறது என்று கட்டிலுக்கு அடியில் தேடுவதுபோல நடித்துப் பார்த்தேன். ஒரு மதியம் ஷெர்லின் வந்து கோடு இழுத்தார். கோடு பழைய தாளில் அடங்கவில்லை. வேறு தாள் எடுத்தார். எழுதினார். எப்போதும்போல நன்றி சொன்னார். படியிறங்கிப் போனார்.

போனவர் திரும்பி வந்தார். குடையை மறந்துவிட்டார் என்று பச்சையம்மா குடை தேடினாள். அந்தப் பெண் கழுத்தில் கிடந்த கல்லூரி அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தது.

"ஆன்ட்டி, கொதிக்க வெச்சு ஆறின தண்ணி இருக்கா? நான் இப்போ காலேஜ்லருந்து வரல. ராயபுரத்துலருந்து வந்திருக்கேன்."

என் காலை மடியில் வைத்துக்கொண்டார். அசுத்தம் (கலீஜ்) பார்க்கவில்லை. செத்த தோலை எடுத்து, கழுவி, கட்டுப் போட்டார். மறுநாள் அவரே என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், வரிசையில் நின்று, டாக்டரிடம் காட்டினார். கொஞ்ச நாள் தாமதித்திருந்தால் விரல் போயிருக்கும், விரலோடு நிற்குமா என்பதும் சொல்ல முடியாது என்றார் அந்த டாக்டர். அதன்பின் ஷெர்லின் அடிக்கடி வந்தார். வரும்போதெல்லாம் அட்டையைக் கழற்றினார். கேபினில் சாக்கு மடித்துப் போடச் சொன்னார். செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மூடின ஷூ வாங்கச் சொன்னார். கால் கீழே படாமல் வீட்டில் உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். என் முதலாளிக்கும் பச்சையம்மாவுக்கும் அது பெரிய பேஜாராக இருந்தது. புண் ஆறியது.

"உனுக்கு இதுனால ஒண்ணும் ஆவாதே கண்ணு?" என்று பச்சையம்மா கேட்டாள். "யார்கிட்டயும் சொல்லாம இருந்தா போதும் ஆன்ட்டி" என்றார்.

7. ஐயா, நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. பேனர் வைத்தோம்.

எங்கள் பகுதியில் நன்றி என்பதை வாயால் சொல்லிவிட்டுப் போனால் அது நன்றியே ஆகாது. காதுகுத்துக்கும் பேனர், கருமாதிக்கும் பேனர். அப்படியிருக்க ஒரு மனுஷன் விரலைக் காப்பாற்றின பெண்ணுக்குப் பேனர் இல்லையென்றால் நாளைக்கு எந்த முகத்தோடு சந்தில் நடப்பது? நான் வேண்டாமென்று சொல்லவில்லை. பீம்ராவ் தலைமையில் இரண்டு பிளாக்கும் சேர்ந்து கட்டியது. 'எங்கள் லோகு அண்ணனின் பெருவிரலை மீட்டுத் தந்த வடசென்னையின் வெண்புறாவே, வருக, வருக!' நடுவில் ஷெர்லின் படம். இடது பக்கம் என் விரல், 'முன்'. வலது பக்கம் என் விரல், 'பின்'. கீழே கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பீம்ராவ், 'இவண்: ஏ பிளாக் புண் நண்பர்கள்'. அவனுக்குப் புண்ணும் கிடையாது, அவன் ஏ பிளாக்கும் கிடையாது.

8. மறுநாள் காலை பேராசிரியை அம்மையார் வெளியூர் ஆய்வாளர்கள் இருவரோடு காரில் வந்தார். கார் அந்தப் பேனருக்கு அடியில்தான் நுழைய வேண்டும். வடசென்னையில் ஒரு பேனரை முழுவதும் படித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். இறங்கி, 'முன்'னைப் பார்த்தார், 'பின்'னைப் பார்த்தார். நான் காலைத் தூக்கிக் காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்துப் பச்சையம்மா சோடா உடைத்தாள்.

"தரவு போச்சு" என்றார் அம்மையார்.

அன்றே ஷெர்லினின் களப்பணி நிறுத்தப்பட்டது. ஒப்பீட்டுக் குழுவில் ஒரு புண்ணுக்குச் சிகிச்சை கொடுத்து ஆராய்ச்சியைக் கெடுத்தது குற்றமாம். அவர் வேறு இடத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம்; இங்கே மிச்சத்தை வேறு மாணவியை வைத்துக் கல்லூரியே முடிக்குமாம். ஒரு வருடப் படிப்பு வீண். புண் கெட்டால் தரவு நன்றாக இருக்கிறது, புண் ஆறினால் தரவு கெடுகிறது என்று நான் இதிலிருந்து கற்றுக்கொண்டேன். ஏ பிளாக்குக்கு எந்தப் பாடமும் நடத்தவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

9. ஆராய்ச்சியே கூடாது என்று சொல்ல வரவில்லை. பி பிளாக்கில் பலருக்குக் கால் நன்றாகிவிட்டதைக் கண்ணால் பார்த்தோம். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எது நல்லது என்று தெரியும் என்பது லாரிக்காரனுக்கும் தெரியும். ஒரே அச்சில் இந்தப் பக்கம் ஒரு கம்பெனி டயர், அந்தப் பக்கம் வேறு கம்பெனி டயர் போட்டு எது தாங்குகிறது என்று நாங்களும் பார்ப்பதுண்டு. ஆனால் நடுவழியில் ஒன்று வெடித்தால் ஓரங்கட்டி மாற்றுவோம். சோதனை முடியட்டும் என்று ரிம்மில் ஓட்டமாட்டோம். அம்மையார் படித்தவர். இதைச் சொன்னால் ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன். நான் சொன்னால் லாரியை ஏன் கொண்டு வருகிறாய் என்பார். தாங்கள் சொல்லவும்.

பேனர் வைத்தது தவறென்றால், அனுமதியில்லாத பேனருக்கு என்ன நடவடிக்கை உண்டோ அதைப் பீம்ராவ் மேல் எடுக்கலாம். அவன் சந்தோஷப்படுவான். புண் ஆறினது தவறென்றால் அந்தத் தவறு என் விரலுடையது. அந்தப் பெண் செய்தது, நர்ஸ் வேலை. அதற்குத்தான் அவரைக் கல்லூரியில் சேர்த்தார்கள் என்று எண்ணுகிறோம்.

அவர் இதுவரை எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. போன் செய்து, "அங்கிள், விரலிடுக்கை ஈரமில்லாம தொடைக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்கிறார். அதைக் கேட்டதிலிருந்து பச்சையம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. நானும் இந்த மனுவில் முடிந்தவரை சிரித்தே எழுதியிருக்கிறேன். அதை நான் இதை லேசாக எடுத்துக்கொண்டேன் என்று தாங்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது.

10. மேலும், போன வாரம் என் இடது காலில் ஒரு கொப்புளம் வந்திருக்கிறது. கிளச் மிதிக்கிற கால். ஷெர்லினுக்குப் பதிலாக அனிஷா என்று ஒரு மாணவியைப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். கண் கலங்கியதுபோல இருந்தது. பிறகு கண்ணாடித்தாளை வைத்துக் கோடு இழுத்து, எழுதிக்கொண்டு போய்விட்டார். நல்ல பெண். விதியை மீறவில்லை.

ஆகையால், விதியை மீறுகிற பெண்ணையே எங்கள் பிளாக்குக்குத் திரும்ப அனுப்பவும், அவருடைய படிப்பு கெடாமல் கல்லூரிக்கு எழுதவும் தாங்கள் மனம் வைக்க வேண்டுகிறேன். கொஞ்சம் சீக்கிரமாக, ஐயா. இந்தக் கோடு இன்னும் முதல் தாளுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

இடம்: மூலக்கொத்தளம்
தேதி: 12.08.2025

மரியாதைக் குறைவாக அல்ல, ஷெர்லின் அன்று சொன்னதால் மட்டுமே காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்,

(ஒப்பம்)
கோ. லோகநாதன்