ஒரு மதிப்பெண்ணும் உழுத மண்ணும்

இன்று காலை மைசூர் மண்டி மொஹல்லாவில் நம் ஓட்டலுக்குப் போனேன். மேசையைத் துடைத்துக்கொண்டே சர்வர் கேட்டான், "ஒப்ரேனா சார்?" ஆமாம், ஒருவன்தான் என்று தலையாட்டினேன். செட் தோசை வந்தது. நீங்கள் செய்வதுபோல மேல் தோசையை ஒற்றை விரலால் அழுத்திவிட்டு எடுத்தேன். குழி மெல்ல நிரம்பித் தோசை பழையபடி எழுந்தது. புது மெனு அட்டையில் அதற்கு 'ஃபிளஃபி' என்று அடைமொழி போட்டிருக்கிறார்கள். உங்களிடம் காட்டத் தலையை நிமிர்த்தினேன். எதிர் நாற்காலியில் யாருடைய ஹெல்மெட்டோ இருந்தது.

அந்தச் சொல்லால்தானே நாம் சண்டை போட்டோம். வேறு வேறு கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்த நம்மை, விடைத்தாள் திருத்தும் முகாம் ஒரே மேசையில் உட்காரவைத்தது. நான் திருத்துபவன், நீங்கள் எனக்கு மேல் சரிபார்ப்பவர். 'ஃபிளஃபி' என்ற சொல்லை வாக்கியத்தில் அமைக்கச் சொல்லி ஒரு கேள்வி. பூனைக்குட்டி, துவைத்த துண்டு, மேகம் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு தாளில் மட்டும், உழுத பிறகு எங்கள் நிலம் ஃபிளஃபியாக இருக்கும் என்று இருந்தது. சுழியம் போட்டேன். நீங்கள் அதை அடித்துவிட்டுப் பச்சை மையில் ஒன்று போட்டீர்கள்.

"மண் எப்படி சார் ஃபிளஃபி ஆகும்?" என்றேன்.

"நீங்க உழுத மண்ணுல நின்னிருக்கீங்களா சாமி?"

"நான் அகராதியோட நின்னிருக்கேன்."

"அதானுங்க, அகராதி கால்ல மண்ணே ஒட்டல."

மேசை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. முகாம் முடியும்வரை உங்களிடம் பேசவுமில்லை. கடைசி நாள் இந்த ஓட்டலில் தனியாக உட்கார்ந்திருந்த என் எதிரில், கேட்காமலே வந்து உட்கார்ந்தீர்கள். தோசையை அழுத்திக் காட்டினீர்கள்.

"பட்டு வழவழன்னு இருக்கு, வெண்ணெய் மெதுவா இருக்கு. அதையெல்லாம் ஃபிளஃபின்னு சொல்லுவீங்களா? மாட்டீங்க. உள்ள காத்து இருக்கோணும், அழுத்துனா திரும்ப எந்திரிக்கோணும். எங்கூர்ல புசுபுசுன்னு சொல்லுவோம்."

"தோசைக்குச் சரி. மண்ணுக்குக் கிடையாது."

"உழவு சமயத்துல ஒருக்கா ஹனூர் வாங்க சாமி. செருப்பைக் கழட்டிட்டு எங்க நெலத்துல நில்லுங்க. அப்பவும் சுழியம்னா சுழியந்தான்."

அதன் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! இதே மேசை, இதே வழக்கு. ஒவ்வொரு வருடமும் முதல் மழை விழுந்ததும் உங்கள் போன் வரும். எனக்கு முதுகுவலி வரும். வந்தால் விட்டுக்கொடுக்க நேரும் என்ற பயம்தான் அது. விட்டுக்கொடுக்கத் தெரியாதவன் நான். துறைத்தலைவர் பதவியை என் ஜூனியருக்குக் கொடுத்த கல்லூரியை, மகள் கல்யாணத்துக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிய சித்தப்பா மகனை, ஒருவரையும் மறக்கவில்லை. ஒருமுறை காய்கறிச் சாகுவில் தோசையைத் தோய்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "உங்க மனசு பழைய இலவம்பஞ்சு மெத்தை சாமி. கட்டி தட்டிப்போச்சு. வெயில்ல போட்டுத் தட்டோணும்." எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சிரித்தேன்.

கடைசியில் ஹனூருக்கு வந்தேன். அழைத்தது நீங்கள் அல்ல, உங்கள் மகன்.

உங்கள் நிலத்தின் மேற்கு ஓரத்தில் உங்களுக்குக் குழி வெட்டியிருந்தார்கள். மழை பெய்து உழவு முடிந்திருந்தது. வரப்பில் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள், நானும் கழற்றினேன். முதல் அடியிலேயே பாதம் உள்ளே போனது. சேறுபோல இழுக்கவில்லை, மணல்போலச் சரியவுமில்லை. மண் என் எடையை மெதுவாக வாங்கிக்கொண்டது. குழி ஓரத்தில் உங்கள் மகன், "மூணு பிடி போடுங்க சார்" என்றான். அள்ளி இறுக்கினேன். கையைத் திறந்தபோது அது கட்டியாக நிற்கவில்லை. மூச்சு விட்டதுபோல நெகிழ்ந்து உதிர்ந்தது.

"ஒரு மார்க் கொடுத்தாச்சு சார்," என்றேன். சுற்றி நின்றவர்கள் துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். உங்கள் மகனுக்கு மட்டும் புரிந்தது. பஸ் ஏற்றிவிட வந்தபோது சொன்னான்:

"இந்த மேக்கு ஓரத்தை மட்டும் அப்பா பத்து நாள் விதைக்காம விட்டு வெப்பாருங்க. ஏம்ப்பான்னா, சாமி வருவாரு, நிக்க எடம் வேணாமாடான்னு சிரிப்பாரு."

மைசூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் மனம் வியக்கத்தக்க விதத்தில் லேசாக இருந்தது. எனக்காக ஒருவர் வருடா வருடம் இடம் வைத்திருக்கிறார். இந்தக் கணக்கை எந்தக் கல்லூரியாலும் குறைக்க முடியாது.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்த ஜூனியர் எதிரில் வந்தால் இன்றும் தெருவின் மறுபக்கம் போகிறேன். ஆனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ரொட்டி, தலையணை, பூந்தொட்டி மண், எதைக் கண்டாலும் விரலால் அழுத்திப் பார்க்கிறேன். நேற்று கொடியிலிருந்து எடுத்த துண்டை அழுத்திக்கொண்டு நின்றேன். "ஏன்னா, துண்டுக்கும் மார்க் போடறேளா?" என்றாள் என் மனைவி. விடைத்தாளில் சுழியம் போடும் முன்பும் இடது கை தானாக மூடித் திறக்கிறது.

தட்டில் கடைசித் தோசை மிச்சமிருந்தது. எப்போதும் அதை நீங்கள்தான் எடுப்பீர்கள். அழுத்திப் பார்த்தேன். எழுந்தது. உங்களுக்காக நானே சாப்பிட்டேன்.