பூப்பைக்குள் அடித்த மணி

ஆடி முதல் வெள்ளி. விடியலிலிருந்து தூறல். பஸ்ஸெல்லாம் சாமுண்டி மலைக் கோயிலுக்குப் போகும் கூட்டம். கோர்ட்டுக்கு ஆட்டோ.

இருந்தவர்கள்: ஜட்ஜ் அம்மா, பெஞ்சு கிளார்க், டைப் செய்யும் பெண், போலீஸ்காரர் ஒருவர், எங்கள் வக்கீல், பக்கத்து வீட்டு புட்டசாமி, அவர் வக்கீல், நான். வராதவர்: என் வீட்டுக்காரர். கால் முறிந்து மாவுக்கட்டு.

எங்கள் சந்தில் புட்டசாமி கேட் போட்டதற்கு நாங்கள் இருவரும் சேர்ந்து போட்ட வழக்கு. இவர் சாட்சி சொல்வது இரண்டு தேதி தள்ளிப் போயாயிற்று.

"ஜட்ஜு சொன்னத அப்படியே கொண்டா புள்ள. நீயா ரெண்டு சேத்திருவ" என்று சொல்லி அனுப்பினார். பால் கணக்குக் கார்டில் ஒரு நாள்கூடக் குறிக்காமல் விட்டவளில்லை நான். சரி, அவர் காதாலேயே கேட்கட்டும் என்று போனில் ரெக்கார்டு போட்டு, கோயில் பூப்பையில் மல்லிகைக்கு அடியில் வைத்தேன். வாசலில் போர்டு: படம், ஒலிப்பதிவு கூடாது. படித்தேன். படிக்காத மாதிரி உள்ளே போனேன். தப்பு.

பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். அதற்குள் கூப்பிடக் கூடாதே தாயே என்று இருந்தேன். பதினொன்று ஐம்பதுக்குக் கூப்பிட்டார்கள். வக்கீல்கள் பத்து நிமிடம் பேசினார்கள். "அடுத்த தேதிக்கும் வராவிட்டால் அவர் சாட்சி இல்லாமலே வழக்கு நடக்கும்" என்று ஜட்ஜ் அம்மா சொல்லி வாய் மூடவில்லை, பூப்பைக்குள் கோயில் மணி. ராகு காலம் முடிவதற்கு நான் வைத்த அலாரம்.

"யாருது மொபைலு?" போலீஸ்காரர்.

"மங்களாரத்தி ஆய்தா அக்கா?" பூஜை முடிந்ததா என்று கன்னடத்தில் புட்டசாமி. அவர் வக்கீலே சிரித்துவிட்டார்.

போன் கிளார்க் மேசைக்கு. திரையில் ரெக்கார்டு ஓடிக்கொண்டே. மறைக்கவில்லை, உள்ளதைச் சொன்னேன். அனுமதி இல்லாமல் யாரும் இங்கே பதிவு செய்யக் கூடாது, இப்போதே அழியுங்கள் என்றார் ஜட்ஜ் அம்மா. அழித்தேன். "நடக்க முடியாதவர் வீடியோவில் வரலாமே, மனு போட்டால். யாரும் சொல்லலையா?" எங்கள் வக்கீல் ஜன்னலைப் பார்த்தார்.

"பேனாவால எழுதிக்கலாமாங்கம்மா?"

"எவ்வளவு வேணும்னாலும்."

போன் சாயங்காலம்தான் கிடைத்தது. அதுவரை எழுதினேன்.

சனி. வெயில். இவருக்குப் படித்துக் காட்டினேன்.

"அந்தம்மா இருமுனதக்கூட எழுதியிருக்கற."

"ரெண்டு தடவ இருமுனாங்க. நான் ஒண்ணும் சேக்கலீங்க."

வீடியோவுக்கு வக்கீல் போனில் சொன்னவை: வெளிச்சம் வேண்டும். பதிவு கூடாது. பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கக் கூடாது.

"அது உன்னால ஆகாது புள்ள" என்றார் இவர். அதனால் சாட்சி சொல்லும் அன்று மட்டும் நான் அக்ரஹாரத்துக் கோயிலில் இருப்பதாக முடிவு.

திங்கள். மறுபடி தூறல். மனு நானே எழுதினேன், வக்கீல் டைப் செய்தார். அடுத்த தேதி புதன், பன்னிரண்டுக்குமேல் ராகு காலம், காலையிலேயே கூப்பிடவும் என்ற வரியை மட்டும் அடித்துவிட்டார். மீதி நகல்:

கால் முறிந்த என் கணவர் வீட்டிலிருந்து வீடியோவில் சாட்சி சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். எதையும் பதிவு செய்ய மாட்டோம். அலாரத்தை எடுத்துவிட்டேன். தேதிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.