வைக்கோல் போரில் ஓர் இடம்

எம்டன், 3 மார்ச் 1557

அன்புள்ள அக்கா வீப்கேவுக்கு, கர்த்தருடைய சமாதானம் உண்டாகட்டும்.

சுகமாக வந்து சேர்ந்தேன். அத்தான் ஹெட்டே நீதிபதி முன் கை தூக்கிச் சத்தியம் செய்தார். நம் சபையார் சத்தியம் செய்வதில்லை. அதிலும் அது பொய்ச் சத்தியம். சபையின் மூப்பன் என்ற முறையில் அவரைச் சபைக்குப் புறம்பாக்கிவிட்டேன். அவர் மனந்திரும்பும்வரை நீ அவரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. ஒரே படுக்கையும் கூடாது. அழுதுகொண்டே எழுதுகிறேன்.

தம்பி,
யெல்மர்

ஹார்லிங்கன், 20 மார்ச்

மகா கனம் பொருந்திய மூப்பர் தம்பிக்கு,

அழுதுகொண்டே எழுதினாயாம்! மை ஓரிடத்தில்கூடக் கலையவில்லை. நல்ல கையெழுத்து.

அன்று எங்கள் வைக்கோல் போருக்குள் மூச்சடக்கிக் கிடந்தவன் நீ. முற்றத்தில் நீதிபதி, "உன் மச்சான் எங்கடா? சத்தியம் பண்ணு!" என்றார். "சத்தியமா தெரியாதுங்க" என்றார் என் புருஷன். அந்த இரண்டு வார்த்தையால்தான் உன் தலை இன்னும் கழுத்தில் இருக்கிறது. "அத்தான், பாவம் பண்ணாதீங்க" என்று போருக்குள்ளிருந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாமே! காது கேட்கவில்லையா?

அவர் கஞ்சிக் கிண்ணத்தோடு மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார். "யெல்மர் சொன்னா சரியாத்தான் இருக்கும், நீ சாப்பிடு" என்கிறார். உன்னையும் ஒரு மனிதனென்று நம்புகிறார். எனக்குத்தான் வயிறு எரிகிறது. என் புருஷனை எனக்குத் திருப்பிக் கொடு.

வீப்கே

பிரானகர் அருகில், 9 செப்டம்பர்

அன்பு அக்கா,

அரசு தடை செய்த நம் ஞானஸ்நானத்தைக் கொடுக்க வந்த இடத்தில் சேவகர்கள் என்னைத் தேடுகிறார்கள். சபைச் சகோதரர்கள் யாரும் கதவு திறக்கவில்லை. வியாழக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். அத்தான்மேல் போட்ட விலக்கு விலக்குதான். ஆனால் வைக்கோல் போர் என்ன பாவம் செய்தது? இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் மீன்காரரிடமே பதில் கொடு.

யெல்மர்

ஹார்லிங்கன், 11 செப்டம்பர்

தம்பி,

தாராளமாக வா. உன் அத்தான் போரைக் குடைந்து உனக்கு இடம் செய்துவிட்டார். அவருக்கு உன்மேல் துளிக் கோபமில்லை. எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது.

ஒரு நல்ல செய்தி. போன ஞாயிறு அவர் இங்குள்ள சபையார் முன் முழங்காலிட்டு, இனிச் சத்தியமும் செய்வதில்லை, பொய்யும் சொல்வதில்லை என்று அறிக்கையிட்டார். அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு இப்போது என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

"வியாழக்கிழமை சேவகன் வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று நேற்றுச் சாப்பாட்டில் கேட்டேன்.

மீனில் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "இருக்கிறதைச் சொல்லுவேன். யெல்மருக்கு அதுதானே பிடிக்கும்?"

உனக்கும் ஒரு தட்டு வைக்கிறேன்.

அக்கா,
வீப்கே