ஒரு மணித்தியாலம்கூட இல்லாத தூரம்

வாப்பா,

மகளின் கைபேசியில் இன்று ஒரு வரி கண்டேன். கொழும்புப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்துக்கும் நம் ஊர்ப்பக்கத்து மட்டக்களப்பு விமான நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று யாரோ கணக்குப் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாம். "பக்கந்தானே உம்மா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் பேச்சை அவள் வாயிலும் கேட்க வேண்டியிருந்ததே.

எழுபதுகளின் கடைசி. கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து எனக்குச் சம்பந்தம் வந்தது. கல்முனையில் பெண்பிள்ளை வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வருவார். எனக்கென்று நீங்கள் கட்டிய வீட்டுக்கு ஓடும் போட்டு முடிந்திருந்தது. அவர்களோ பெண் கொழும்புக்கு வர வேண்டும் என்றார்கள். நீங்கள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, விமானத்தில் கொழும்பு போய்வந்திருந்தீர்கள். அந்தப் பெருமை உங்கள் தலையை விட்டு இறங்கவே இல்லை.

உம்மா குசினி வாசலில் நின்று அழுதார். "ஊரில ஒருத்தரும் செய்யாத வேலை. நாளைக்கு ஒரு மௌத்து எண்டா கடைசியா முகம் பாக்கப் புள்ள எப்பிடி வந்து சேருவாள்?"

"ஒரு மணித்தியாலம் போகாது. மாவடிப்பள்ளி வட்டைக்குப் போய் வயலப் பாத்திட்டு வாற நேரம். நீ சும்மா கதைக்காத" என்றீர்கள். என் பக்கம் திரும்பி, "ஓமா மகள்?" என்றீர்கள். கேட்டீர்களே தவிர, பதிலுக்கு நிற்கவில்லை.

வீடு தங்கச்சிக்குப் போனது. நான் கொழும்பில் மாப்பிள்ளை வீட்டு மாடியில் ஓர் அறைக்குப் போனேன். கொஞ்ச நாளிலேயே அந்த விமானமும் நின்றுபோனது. அதில் நான் ஏறவே இல்லை வாப்பா. பிறகு வருடத்துக்கொரு தடவை ரயில், பஸ், மடியில் பிள்ளை. நீங்கள் ஒருமுறை ரயிலில் வந்தீர்கள். வீங்கிய கால்களைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு நெல் விலையைப் பற்றிக் கதைத்தீர்கள். தூரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள், விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நீங்கள் மௌத்தானதாகத் தந்தி வந்தது. அன்றே புறப்பட்டேன். ரயில் ஊர்ந்தது. மட்டக்களப்பிலிருந்து வழியெல்லாம் இராணுவச் சோதனை. பஸ்ஸை விட்டு இறங்கு, ஏறு, திரும்பவும் இறங்கு. மறுநாள் பின்னேரம் வாசலுக்கு வந்தபோது வீடு கழுவி முடிந்திருந்தது. மையித்தை வைத்துக்கொண்டிருக்கக் கூடாதென்று முதல்நாள் பின்னேரம் அஸர் தொழுகையோடேயே அடக்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மார்க்கம் அது. அடக்கிய மையவாடிக்குப் பெண்கள் போவதுமில்லை. ஆக, உங்கள் முகமும் இல்லை, மண்ணும் இல்லை.

நடந்ததைத் தங்கச்சி சொன்னாள். உங்களை வைத்த சந்தூக்கைத் தூக்குமுன் தம்பி முன்னால் வந்து நின்று, "எங்கட வாப்பா ஆருக்காவது மனம் நோகச் செய்திருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க" என்று வழக்கப்படி கேட்டானாம். முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் "பொறுத்தம்" என்றார்களாம். உங்களோடு வரப்புச் சண்டை பிடித்தவர்கூட அழுதுகொண்டு சொன்னாராம்.

ஐந்து நேரத் தொழுகைக்குப் பிறகும் உங்களுக்கு துஆ கேட்கிறேன், வாப்பா. உங்கள் கப்ருக்குழி விசாலமாகட்டும் என்று மனதாரத்தான் கேட்கிறேன். ஆனால் அந்த ஒரு சொல்லை நான் இன்னும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.