பூண்டுக் கஞ்சியில் பால்

1983 நவம்பர் 12, சனி

பிள்ளை வெளிக்குப் போன துணியில் இன்றும் ரத்தக் கோடு. நான் குடிக்கும் பசும்பால்தான் தாய்ப்பால் வழியாகப் போய் அவன் குடலுக்கு ஒவ்வாமல் போகிறது என்று டாக்டரம்மா சொல்லி ஒன்பது நாளாகிறது. அன்றிலிருந்து பால், மோர் எதையும் நான் தொடவில்லை. பிறகு ஏன் நிற்கவில்லை?

சாயங்காலம் அடுப்படிக்குப் போனேன். அம்மா என் பூண்டுக் கஞ்சியில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள். பூண்டு வாடையில் எனக்கு இத்தனை நாளும் தெரியவே இல்லை.

"டாக்டரம்மா சொன்னத நீயுந்தான கேட்ட?"

"ஒன்னக் குடிக்க வேணாம்னாக. கஞ்சியில ரெண்டு கரண்டி ஊத்துனா என்ன செய்யும்னு நெனச்சேன். பிள்ள பெத்தவ பாலும் பூண்டும் இல்லாம இருந்தா பிள்ளைக்கு எங்கிட்டிருந்துடி ஊறும்? ஒனக்காகத்தான ஒங்கப்பா ராசிங்காபுரத்துல இருந்து மாட்ட ஓட்டிட்டு வந்தாரு."

துணியை அவள் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தொழுவத்துக்குப் போய்க் கன்றை அவிழ்த்துவிட்டாள். கறக்கவில்லை.

அப்படிக் காட்டியிருக்க வேண்டாம்.

பிள்ளை பசித்து அழுகிறான். என்னிடம் இருப்பது மத்தியானக் கஞ்சியில் ஊறிய பால்தான்.