நிதாவின் தகப்பன் பெயர்

செஞ்சி
12 ஜனவரி 2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் குளிரில் உங்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். வழக்கம்போல இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எழுத்து பொடியாக இருக்கிறது என்று சலித்துக்கொள்ளாமல் பெரிதாக்கிப் படியுங்கள். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் ரொட்டிக்கு மாவு பிசைய எழுந்திருக்கிற நேரம், இங்கே நிதா ஸ்கூலிலிருந்து வருகிற நேரம். அவள் காதில் விழக்கூடாத பேச்சு இது.

நம் சிங்கவரத்து நிலத்தை வாங்கிய விநாயகம், பொங்கலுக்கு ஒரு பை மல்லாட்டைக் கடலை கொடுத்தனுப்பினார். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை, வாங்கவும் மனசு வரவில்லை. வாங்கினேன். நம் பேக்கரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

உங்கள் மாகாணம் உங்கள் பெயரைச் சிபாரிசு செய்துவிட்டது, இனி கனடாவிலேயே தங்கிக்கொள்ள பி.ஆர். வருவதற்குத் தாமதம் இல்லை என்று நீங்கள் சொன்னதிலிருந்து நிதா மேப்பில் உங்கள் ஊரை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். நேற்று விசா கன்சல்டன்ட் அனுப்பிய மெயிலை அவள்தான் எனக்குப் படித்துச் சொன்னாள்.

"அம்மா, சென்னைக்கு நீ மட்டும்தான் போவணும். உனக்கு மட்டும்தான் மெடிக்கல் டெஸ்ட்."

"உனக்கு வேற நாள் போட்டிருப்பாங்க. கீழ பாரு."

"கீழ ஒண்ணும் இல்லம்மா. புள்ளைங்கன்ற எடத்துல சைபர் போட்டிருக்குது."

அப்புறம் சிரித்தாள். "அத்தா அவசரத்துல மறந்துட்டாரு போல" என்று சொல்லிவிட்டுத் துப்பட்டாவுக்கு இஸ்திரி போடப் போனாள். ஏற்கெனவே இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த துப்பட்டா அது.

என் தங்கை கமரு நிதாவைப் பெற்ற கையோடு கண்ணை மூடியபோது, அவள் புருஷன் இலியாஸ் அந்தப் பிள்ளையைப் பார்க்கக்கூடத் தெம்பில்லாமல் சுவரைப் பார்த்து நின்றார். முதலில் கையில் வாங்கியது நீங்கள். மறந்தீர்களா மச்சான்? மறந்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

இந்த மாதச் செலவுக் கணக்கு அடுத்த பக்கத்தில்.

உங்கள்
அசீசுன்னிசா


கனடா
15 ஜனவரி 2025

அன்புள்ள அசீசு,

வ அலைக்கும் சலாம். உன் கடிதத்தை அடுப்பு முன்னால் நின்றே படித்தேன். வெளியே மூச்சு விட்டால் மீசையில் பனி உறைகிறது. தேங்காய் பன் வாங்கத் தினமும் ஒரு கிழவர் நம் கடைக்கு வருகிறார். "உன் பெண்டாட்டி எப்போது வருவாள், கல்லாவில் ஒரு சிரிச்ச முகம் வேணும்ப்பா" என்று நேற்றும் கேட்டார்.

நான் மறக்கவில்லை.

முதல் ஃபாரம் போட்டபோதே கன்சல்டன்ட் சொன்னார். பெற்ற பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டில் தத்தெடுத்த பிள்ளையாக இருக்க வேண்டும். வளர்த்த பிள்ளைக்கு அவர்கள் ஃபாரத்தில் இடமே கிடையாது. அது நோன்பு மாதம். நீ கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாய். "நிதாவைக் கோர்ட்டுல நம்ம பேருக்கு எழுதிக்கலாமா?" என்று கேட்டேன். நீ தலையைத் தூக்காமல், "தகப்பன் உசுரோட இருக்கையில பேரை மாத்துறது பாவம். வேணும்னா பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேளுங்க" என்றாய். ஸ்கூலில் சேர்த்தபோதும் என் பேரைப் போடவிடாமல் இலியாஸ் பேரைப் போடவைத்தவள் நீதான்.

அதற்குமேல் உன்னிடம் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. நிலமும் பேக்கரியும் விற்றாகிவிட்டது. கோர்ட்டுக்குப் போனால் ஃபைல் தாமதமாகும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சைபர் போட்டேன்.

இன்னும் ஒரு வழி இருக்கிறதாம். பி.ஆர். கைக்கு வருமுன் தத்து முடிந்தால் பெயரைச் சேர்க்கலாம். இலியாஸ் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போய்ப் பார்.

சைபுதீன்


செஞ்சி
26 ஜனவரி 2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டில் புளி இருக்கா என்று கேட்கிற குரலில் கேட்டீர்கள். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ, எனக்கே தெரியாது. அழுது அழுது யோசிக்கவாவது எனக்கு நாள் கிடைத்திருக்கும்.

இப்போது யோசித்தேன். ஹஜ்ரத்திடமும் போனேன். "வளர்க்கிறவங்கன்னு கோர்ட்டுல எழுதிக்கம்மா. பெத்தவன் பேரை மட்டும் மறைக்காதே" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு இலியாஸைப் பார்க்க அனந்தபுரம் பஸ் ஏறினேன்.

இலியாஸ் கோழிக் கடையில் இருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, டீ சொல்லி, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"கையெழுத்தா? இன்னாத்துக்குக்கா?"

சொன்னேன்.

"ஸ்கூல்ல என் பேரைப் போட்டது நீங்க. பெருநாளைக்குப் பெருநாள் கூட்டியாந்து, 'இவர்தான் உன்னைப் பெத்த அத்தா, சலாம் சொல்லு'ன்னதும் நீங்க. நானே மறந்திருப்பேன்க்கா. நீங்கதான் மறக்கவுடல. இப்ப கனடாக்காரன் வேணான்னதும் நான் அத்தா இல்லையா?"

"அப்படி இல்ல தம்பி. புள்ள படிச்சி நல்லா வரணும்."

"வரட்டும். என் பேரோட கூட்டிட்டுப் போங்க."

"அப்படி எடுத்துக்க மாட்டாங்களாம்."

"அப்ப இங்கியே இருக்கட்டும். மூணும் பசங்களாப் பொறந்துட்டு, கமருக்கு அப்பறம் நான் கட்டுன சம்சாரம் தனியாக் கெடந்து சாவுது. ஒரு பொம்பளப் புள்ள இருந்தா வூட்டுல கைக்கு ஒத்தாசையா இருக்கும்."

கடைசியாகச் சொன்னதை அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நிதா "சாப்டியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். மறுபடியும் ஒருமுறை போய் அவர் காலைப் பிடிக்கவும் தயாராக இருக்கிறேன். நீங்களும் அவரிடம் போனில் பேசுங்கள். உங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்கும்.

உங்கள்
அசீசுன்னிசா


கனடா
30 ஜனவரி 2025

அன்புள்ள அசீசு,

இலியாஸிடம் பேசினேன். அவன் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. கையெழுத்துப் போடமாட்டான்.

நான் கடையை விட்டு அங்கே வர முடியாது. இந்த ஊரிலேயே இருந்து நானே நடத்த வேண்டும் என்பதுதான் மாகாணத்தோடு போட்ட ஒப்பந்தம். விட்டுவிட்டு வந்தால் எல்லாம் போச்சு. நீ சென்னைக்குப் போய் மெடிக்கலை முடி. நிதா கொஞ்ச காலம் இலியாஸ் வீட்டில் இருக்கட்டும். பெற்ற தகப்பன்தானே. காலேஜுக்கு வரும்போது ஸ்டூடண்ட் விசாவில் கூட்டிக்கொள்ளலாம்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. நிதாவே எனக்கு மெசேஜ் போட்டிருந்தாள். "நான் அனந்தபுரம் போறேன் அத்தா, அம்மாவைக் கூப்ட்டுக்கோங்க, என்னால எதுவும் நிக்கக்கூடாது" என்று. நான் சரி என்று பதில் போட்டேன். பெரிய மனுஷி மாதிரி யோசிக்கிறாள். நீயும் மனசைத் தேற்றிக்கொள்.

சைபுதீன்


அனந்தபுரம்
18 பிப்ரவரி 2025

சைபுதீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் "சரி" என்று பதில் போட்ட அன்றைக்கு ஸ்கூலுக்குப் போன பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு வரவில்லை. புத்தகப் பையில் துணியை வைத்துக்கொண்டு நேராக இங்கே பஸ் ஏறியிருக்கிறாள். உங்கள் கடிதம் போனில் வந்தபோது நான் அவளைத் தேடித் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். எங்கே போயிருக்கிறாள் என்று அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அழைத்துவரப் போனேன். இலியாஸ் வாசலிலேயே நின்றார். "என் பொண்ணு என் வூட்டுக்கு வந்திருக்குது. இதுல நீங்க இன்னாக்கா கேக்குறீங்க?" என்றார். ஜமாஅத்தில் சொல்லிப் பார்த்தேன். தகப்பனுக்குத்தான் உரிமை என்றார்கள். இத்தனை வருஷமாக அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தானே.

நிதா உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்து, "நீங்க கனடா போங்க பெரிம்மா" என்றாள். பிறந்ததிலிருந்து அவள் என்னை அம்மா என்று தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. பெரிம்மா என்பது சரியான முறைதான். யாரும் தப்புச் சொல்ல முடியாது.

மெடிக்கலுக்கு நான் போகவில்லை. மனைவி பரிசோதனைக்கு வராவிட்டால் உங்கள் ஃபைலும் நின்றுபோகும் என்று கன்சல்டன்ட் போனில் சத்தம் போட்டார். விலகிய மனைவி என்றால் தேவையில்லையாம். அதையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால் பள்ளிவாசலில் குலா விலக்கு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனைவி கேட்டு விலகினால், நிக்காஹில் புருஷன் தந்த மஹரைத் திருப்பித் தர வேண்டும். என் மஹர் நகை உங்கள் கடைக்கு முதலாகப் போய்விட்டது. ஆகையால் நான் தரவேண்டியது ஒன்றுமில்லை, நீங்கள் தரவேண்டியதும் ஒன்றுமில்லை என்று ஹஜ்ரத் முன்னால் சொல்லிவிட்டேன். பேப்பர் உங்களுக்கு வரும். கையெழுத்துப் போட்டுவிடுங்கள். உங்கள் உழைப்பு வீணாக வேண்டாம். குளிரில் எழுந்து மாவு பிசைந்தது எனக்குத் தெரியும். உங்கள் மேல் எனக்குச் சாபம் ஏதும் இல்லை.

செஞ்சி வீட்டைக் காலி செய்துவிட்டேன். இங்கே பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் ஓர் அறை கிடைத்தது. கீழே இருக்கிற டெய்லர் மீனம்பாள் சட்டைகளுக்குக் காஜா எடுக்கிற வேலை தருகிறார். நிதா இன்னும் செஞ்சி ஸ்கூலுக்குத்தான் போகிறாள். காலையில் பஸ்ஸுக்கு இங்கேதான் நிற்க வேண்டும். முதல் இரண்டு நாள் நான் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். அவள் கை முழுக்கச் சோப்புப் புண். மூன்றாம் நாள் டிபன் டப்பாவை நீட்டினேன். பஸ் வந்துவிட்டதால் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

"உப்பு கம்மி, பெரிம்மா" என்றாள்.

நாளைக்குக் கொஞ்சம் கூடப் போட வேண்டும்.

அசீசுன்னிசா